அரைப்படியில் பிடித்த மழை

காரைக்குடியில் பெய்த மழையை ஆறு ஆண்டுகள் நான் தவறாக அளந்தேன். ஆண்டுக்கு ஒன்றாக ஆறு நோட்டுகள், பழுப்புத்தாள் அட்டை போட்டு, முதுகில் ஆண்டு எழுதி, இன்றும் அலமாரியில் நிற்கின்றன. எழுத்து மணிமணியாக இருக்கும். கோடுகள் நேராக இருக்கும். தேதி, கிழமை, மழை தொடங்கிய நேரம், விட்ட நேரம், காற்றின் திசை, இடி உண்டா இல்லையா, எல்லாம் சரியாக இருக்கும். மழையின் அளவு மட்டும் தப்பு.

அதைக் கண்டுபிடித்தது என் மகள். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. 1972, ஐப்பசி மாதம். தேதியும் மணியும்கூட என் நாட்குறிப்பில் உண்டு. வாசகரை வதைக்க வேண்டாம் என்று விடுகிறேன்.

நாங்கள் ஒரு பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில் வாடகைக்கு இருந்தோம். முதல் கட்டில் வீட்டுக்கார ஆச்சி. அந்தக் குடும்பத்து ஆண்கள் சிலர் மலேயாவில் இருந்தார்கள், மற்றவர்கள் சுவரில் இருந்தார்கள். நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். வேலை முடிந்தால் பொது நூலகம். அங்கே புத்தகங்களை அலமாரி வாரியாக, இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டிருந்தேன். 1965-இல் தேனீ வளர்ப்பு அலமாரிக்கு வந்தேன். அந்த ஆண்டைப் பற்றி என் மனைவி இன்றும் பேசுவதில்லை. 1966 ஐப்பசியில் வானிலை வந்தது.

மழைமானிக்குத் தனிக் கருவி தேவையில்லை, அடியும் வாயும் ஒரே அகலமுள்ள எந்தப் பாத்திரமும் போதும் என்று ஒரு புத்தகம் சொன்னது. எங்கள் சமையலறையில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளை அரைப்படி. இடுப்பு ஒடுங்காமல் நேராக நிற்கும் பழைய படி. அன்றிலிருந்து அவள் அரிசியை ஒரு பால்மாவு டப்பாவால் அளக்கத் தொடங்கினாள். டப்பாவில் அளக்கும்போதெல்லாம் அதன் விளிம்பைத் தேவைக்கு மேல் பலமாகத் தட்டுவாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக.

கருவியைத் திறந்த வெளியில் வைக்க வேண்டும் என்றும் அதே புத்தகம் சொல்லியிருந்தது. எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் வீட்டில் திறந்த வெளி எது என்று கேட்டால் யோசிக்காமல் முற்றத்தைக் காட்டுவான். வெயில் அங்கேதான் விழுகிறது, நிலா அங்கேதான் தெரிகிறது, வற்றல் அங்கேதான் காய்கிறது. இதைவிடத் திறப்பாக ஒரு வெளி எதற்கு? நானும் இரண்டாம் கட்டு முற்றத்தில், தாழ்வாரத்தில் நின்று குடை பிடிக்காமல் கை நீட்டினால் எட்டும் தூரத்தில், அரைப்படியை வைத்தேன். தையற்காரர் நாடாவால் அங்குலக் கணக்கில் அளந்தேன்.

சில மாதங்களிலேயே ஒரு செய்தி புலப்பட்டது. தூறலும் சிறுமழையும் பெய்த நாட்களில் நாளிதழில் வரும் அரசாங்க மழையளவும் என் அளவும் ஒத்துப்போயின. பெருமழை நாட்களில் மட்டும் அரசாங்கத்தின் அளவு என்னுடையதில் பாதிதான் இருந்தது. இதற்கு நான் கண்ட விளக்கம் அப்போது எனக்குப் பிரமாதமாகத் தோன்றியது. மழைமானியைப் பார்க்க வேண்டிய கடைநிலை ஊழியர் சிறுமழையில் போய்ப் பார்க்கிறார், பெருமழையில் நனைய மனமில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்தபடி உத்தேசமாக ஓர் எண்ணைச் சொல்கிறார். முகம் தெரியாத அந்த மனிதரைக் கண்டித்து ஆசிரியருக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். இரண்டு அச்சில் வந்தன. அவற்றைக் கத்தரித்து நோட்டில் ஒட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

மகளின் பள்ளிக்கு அந்த ஆண்டு புதிதாக ஒரு டீச்சர் வந்திருந்தார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கையால் செய்யச் சொல்லும் டீச்சர். அவர் போட்ட ஒரு விதியால் மூன்றாம் வகுப்புப் பெற்றோர் அனைவரும் அவதிப்பட்டோம். வகுப்பில் செய்ததைப் பிள்ளை வீட்டில் செய்து காட்ட வேண்டும். அதோடு போகாது. அப்பாவோ அம்மாவோ அதைத் தம் கையாலும் ஒரு தடவை செய்ய வேண்டும். பிறகு, நோட்டில் 'செய்து பார்த்தவர்' என்று கோடு போட்ட இடத்தில் கையெழுத்து.

அவரை விதையை ஈரப் பஞ்சில் வைத்து முளைக்க வைப்பது முதல் பாடம். வெளிச்சமும் கதகதப்பும் இருக்கும் இடம் என்று சாமி மாடத்தில் வைத்தோம். மூன்றாம் நாள் முளை வந்தது. விளக்கேற்ற வந்த என் மனைவி பழக்க தோஷத்தில் அதற்கும் சேர்த்து விபூதி வைத்துவிட்டாள். அடுத்தது நிழல். காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் ஒருவரை ஒரே இடத்தில் நிறுத்தி நிழலின் நீளத்தைக் குறிக்க வேண்டும். மகள் தன் அம்மாவை அடுப்படியிலிருந்து இழுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் நிறுத்தினாள்.

"ஏடி, கொழம்பு அடிப்பிடிக்குதுடி."

"அசையாதம்மா, நெழல் கலையுது."

"நெழலு எங்கடி போகப் போகுது? கொழம்புதான் போகுது."

நிழல் நோட்டில் ஏறியது. குழம்பு தெரு நாய்க்குப் போனது. மனைவி கையெழுத்துப் போட்டாள். என் முறை வரும்போதெல்லாம் நான் கையெழுத்தோடு தேதி, மணி, நிமிடம் மூன்றும் போடுவேன். வகுப்பிலேயே என் கையெழுத்துத்தான் நீளம் என்று மகளுக்குப் பெருமை.

ஐப்பசி பிறந்ததும் மழைமானிப் பாடம் வந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு அகல வாய்க் கண்ணாடிப் புட்டி கொண்டுவர வேண்டும். மகள் வாய் ஒடுங்காத ஒரு பழைய மருந்துப் புட்டியைக் கழுவி எடுத்துப் போனாள். சாயங்காலம் புட்டியும் நோட்டுமாக என் முன் வந்து நின்றாள்.

"அப்பா, நீங்க செஞ்சு பாக்கணும்."

"என்னத்த?"

"மழைமானி. மொதல்ல எடம் பாக்கணும். அப்பறம் அந்த எடத்துல உக்காந்து அண்ணாந்து..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆத்தா, அப்பா யாருன்னு நெனச்ச? ஒனக்கு ரெண்டு வயசா இருந்தப்பவே மழைய அளக்க ஆரம்பிச்ச ஆளு. நோட்டக் கொண்டா."

செய்து பார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்திட்டேன். தேதி, மாலை 5.20.

"நீங்க செய்யலயே" என்றாள்.

"செஞ்சாச்சு. ஆறு வருசமா."

அவள் நோட்டை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு புட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், கிணற்றடியையும் முருங்கையையும் தாண்டி, வெட்டவெளியில் இரண்டு செங்கல்லை அடுக்கி அதன்மேல் வைத்தாள். தரையில் விழுந்து தெறிக்கும் தண்ணீர் உள்ளே போகக் கூடாதாம். நல்ல புத்திசாலிப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமிருந்து வந்த புத்தி என்றும் நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பருவத்தின் முதல் பெருமழை ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் கொட்டியது. விட்டதும் அவரவர் கருவியை அவரவர் எடுத்துவந்தோம். அவள் மர ஸ்கேலைப் புட்டிக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "நாப்பத்தொண்ணு" என்றாள். என்னுடையது மூன்று அங்குலம்.

"ஒன்னோடது மில்லிமீட்டர், என்னோடது அங்குலம்" என்று நான் நிதானமாக விளக்கி, பெருக்கிப் போட்டேன். எழுபத்தாறு வந்தது. மறுபடி பெருக்கினேன். அப்போதும் எழுபத்தாறுதான்.

"புட்டிய எடுத்தாறப்ப சிந்திட்ட" என்றேன்.

"சிந்தல."

"காக்கா குடிச்சிருக்கும்."

"மழையிலயா?"

தாழ்வாரத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அது புட்டியில குடிச்சுப்புட்டு வந்து ஒங்க அரைப்படியில ஒண்ணுக்கிருந்திருக்கும். கணக்கு சரியாப் போச்சு."

மழை எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பெய்வதில்லை என்று புத்தகத்தில் படித்ததை எடுத்துவிட்டேன்.

"சரி. முத்தத்துக்கும் கொல்லைக்கும் எத்தன மைலு?" என்றாள் மனைவி.

மறுநாள் நாளிதழில் அரசாங்க அளவு வந்தது. மகளுடையதற்கு இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். அரசாங்கமும் மூன்றாம் வகுப்பும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரு நாள் மட்டும் அரைப்படியைக் கொல்லையில் வைத்துப் பார்க்கலாமே என்று மகள் கெஞ்சினாள். ஆறு ஆண்டுத் தொடர்ச்சி கெட்டுவிடும் என்று மறுத்தேன். குறிப்பு எழுதுகிறவனுக்குத் தொடர்ச்சி என்பது ஒரு போதை. தப்பாக இருந்தாலும் விட்டுப்போகாமல் இருந்தால் போதும் என்று தோன்றிவிடும்.

அதே புதன்கிழமை டீச்சரிடமிருந்து எனக்கு ஒரு சீட்டு வந்தது. வெள்ளிக்கிழமை பள்ளியில் கண்காட்சி. தாங்கள் பல ஆண்டுகளாக மழை அளந்து வருவதாகத் தங்கள் மகள் பெருமையாகச் சொன்னாள், பெற்றோர் கூடும் இடத்தில் சில வார்த்தைகள் பேச வேண்டும், தங்கள் அளவுகளை அவள் அளவுகளோடு ஒப்பிட்டுக் காட்டினால் குழந்தைகளுக்கு உதவியாக இருக்கும் என்று எழுதியிருந்தார். சில வார்த்தைகள் என்பதை நான் பதினான்கு பக்கம் என்று புரிந்துகொண்டு அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டே மகளைக் கூப்பிட்டேன்.

"சபையில ரெண்டு அளவும் மாறி மாறி இருந்தா நல்லா இருக்காது, ஆத்தா. ஆறு வருசம் பெருசா, ஒரு நாள் பெருசா?"

"ஆறு வருசம்."

"அப்ப எது சரியா இருக்கும்?"

அவள் தன் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஒன்பதாம் பக்கத்துக்குப் போனேன்.

வியாழக்கிழமை மாலை, பேச்சில் சேர்ப்பதற்காக அவளுடைய நோட்டை எடுத்துப் பிரித்தேன். செவ்வாய்க்கிழமைக்கு நேரே 76 என்று இருந்தது. ரப்பர் போதாமல் எச்சிலைத் தொட்டு அழித்திருக்கிறாள். தாள் பொத்துப்போய், ஓட்டை வழியாக அடுத்த பக்கத்து வெண்டைக்காய்ப் படத்தின் காம்பு தெரிந்தது. அதற்குக் கீழே, செய்து பார்த்தவர்: நான். தேதி, மாலை 5.20.

ஒரே பக்கத்தில் இரண்டு பொய். ஒன்று அவள் கையெழுத்தில் என்னுடையது. இன்னொன்று என் கையெழுத்திலேயே, நிமிடத்தோடு. நாளைக்கு இதைத்தான் மேசையில் விரித்து வைத்து ஊராருக்கு அவள் விளக்கிச் சொல்ல வேண்டும்.

"நாப்பத்தொண்ணு எங்க?" என்றேன்.

"அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"நீங்கதான சொன்னீக."

"அப்ப எதுதான் சரி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "டீச்சர்கிட்டச் சொல்லுறதுக்கு எழுவத்தாறு. எனக்கு நாப்பத்தொண்ணு."

எட்டு வயதில் இதைக் கற்றுக்கொண்டு விட்டாள். அதுவும் என்னிடமிருந்து. அலுவலகத்தில் இதே வேலையைப் பெரியவர்கள் செய்யும்போது வீட்டுக்கு வந்து திட்டுகிறவன் நான்.

"சரி, வா" என்று எழுந்தேன். "ஒங்க டீச்சர் சொன்ன மாதிரி என்னையச் செய்ய வையி."

அவள் முகம் மாறியது. மறு நிமிடம் அவள்தான் டீச்சர். முற்றத்தில் அரைப்படியை நகர்த்திவிட்டு, அது இருந்த இடத்தைக் காட்டினாள். "வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு இதுல உக்காருங்க. அரைப்படி மாதிரி உக்காரணும். நல்லாக் குந்துங்க. இப்ப அண்ணாந்து பாருங்க. என்ன தெரியுது?"

"வானம்."

"வானம் மட்டுமா?"

அந்த வீட்டில் ஆறு ஆண்டுகள் இருந்தும் அப்படி ஒரு கோணத்தில் நான் மேலே பார்த்ததில்லை. பார்த்தால், நாலு பக்கமும் ஓட்டுக் கூரைகள் என்னை நோக்கிச் சாய்ந்து நின்றன, என்னவோ ரகசியம் கேட்க வந்தவர்கள் போல. நடுவில் ஒரு துண்டு வானம். மூலையில் இரண்டு கூரைகள் சேரும் இடத்திலிருந்து கூரைத் தண்ணீர் வடியும் ஒரு தகரத் தூம்பு நீண்டு வந்து நேராக என் நெற்றியைக் குறி வைத்தது.

"வானத்தத் தவிர வேற எது தெரிஞ்சாலும் அந்த எடம் ஆகாதுன்னு டீச்சர் சொன்னாக."

அந்த நேரம் பார்த்து ஆச்சி உள்ளே வந்தார். "என்ன தம்பி, முத்தத்துல குந்திக்கிட்டு மேல பாக்குறீக? ஏதும் வேண்டுதலா?"

"மழைமானிக்கு எடம் பாக்குறோம், ஆச்சி."

"ஆறு வருசமா அமர்க்களம் பண்ணுறீகளே, அதுக்கு இன்னமுமா எடம் பாக்குறீக?"

தோல்வியை இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளாத என் வாய் சொன்னது: "தூம்பு இங்குட்டு இருந்தாலும் தண்ணி நேராக் கீழதான் விழும். அரைப்படிக்கும் அதுக்கும் ரெண்டு முழம் எட்டம் இருக்கு. அது எப்பிடி உள்ள வரும்?"

"ஊத்திப் பாத்தாத் தெரியுது" என்றாள் மனைவி. சொல்லும்போதே குடத்தை இடுப்பில் தூக்கிவிட்டாள். அவ்வளவு சுறுசுறுப்பாக மாடிப்படி ஏறி அவளை நான் கண்டதில்லை. மேல்மாடிச் சன்னல் கூரை ஓடுகளைப் பார்த்தபடி திறக்கும். அங்கிருந்து தலையை நீட்டி, "ஆச்சி, ஓட்டுல தண்ணி ஊத்தலாமா?" என்று கேட்டாள்.

"ஊத்து ஊத்து. ஓடு கழுவுன மாதிரியும் ஆச்சு."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "அப்பா, அரைப்படி எந்திரிக்காது" என்றாள் மகள்.

முதல் குடத்தை மனைவி மெதுவாகச் சாய்த்தாள். தண்ணீர் ஓடுகளில் ஊர்ந்து வந்து, தூம்பின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக நேர் கீழே, என் கால்மாட்டுக்கு அப்பால் விழுந்தது. என் மேல் ஒரு துளி இல்லை. "பாத்தீகளா?" என்று நான் தலையை நிமிர்த்தினேன்.

"இது தூத்தல்" என்றாள் மகள். "அம்மா, பெருமழை!"

இரண்டாவது குடம் மொத்தமாகக் கவிழ்ந்தது. ஓட்டில் தடதடவென்று ஓடிவந்த தண்ணீர் தூம்பில் நிற்காமல் வில்லாக எகிறி, இரண்டு முழத்தையும் தாண்டி வந்து என் நெற்றியில் அடித்தது. மூக்கில் ஏறியது. கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. ஆச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேலே சன்னலிலிருந்து மனைவியின் குரல், "இன்னொரு தடவ ஊத்தவா? சந்தேகம் தீரட்டும்" என்று கேட்டது.

சந்தேகம் தீர்ந்துவிட்டது. சிறுமழையில் என் அளவும் அரசாங்க அளவும் ஏன் ஒத்துப்போயின, பெருமழையில் ஏன் பிரிந்தன என்பது ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு என் தாடையில் வழிந்து கொண்டிருந்தது. டீக்கடையில் உட்கார வைத்த அந்த ஊழியரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பாவம், அவர் ஒவ்வொரு பெருமழையிலும் நனைந்துகொண்டு போய்ச் சரியாகத்தான் அளந்திருக்கிறார்.

தலையைத் துவட்டிக்கொண்டு நோட்டைக் கேட்டேன். 5.20 கையெழுத்தை நான் அடிக்கவில்லை. அதற்குக் கீழே, 'மேலே உள்ளது செய்யாமல் போட்டது. இது செய்து போட்டது' என்று எழுதி மறுபடி கையெழுத்திட்டேன். மகள் ஒரு துண்டுத் தாளைச் சோற்றுப் பருக்கையால் ஓட்டையின் மேல் ஒட்டி, அதில் 41 என்று எழுதினாள். சோறு காயும் முன்னே எழுதியதால் நாலு கொஞ்சம் வளைந்துவிட்டது.

"டீச்சர் திட்டுனா?" என்றாள்.

"என்னையத்தான் திட்டுவாக. நான்தான மொதல்ல தப்பாப் போட்டேன்."

வெள்ளிக்கிழமை பதினான்கு பக்கத்தையும் வீட்டிலேயே விட்டுவிட்டு அரைப்படியைப் பையில் எடுத்துப் போனேன். அவள் மேசையில் புட்டிக்குப் பக்கத்தில் அதை வைத்தோம். அவளே ஒரு சீட்டு எழுதி அதன்மேல் சாய்த்து வைத்தாள்: 'அப்பாவின் அரைப்படி. தப்பான இடத்தில் இருந்தது.' டீச்சர் நோட்டைப் புரட்டினார், ஒட்டுத்தாளைத் தடவிப் பார்த்தார், இரண்டு கையெழுத்தையும் படித்தார். "நீங்க பேசுறதுக்குப் பதிலா அவளே சொல்லட்டுமே" என்றார். அதற்குள் மகள் கூட்டத்தில் நின்ற ஒருவரைத் தரையில் குந்த வைத்துவிட்டாள். சாக்கோட்டைப் பக்கத்திலிருந்து மகனைப் பார்க்க வந்த விவசாயி அவர். குந்தியபடியே கேட்டார்:

"ஏத்தா, அப்ப ஒங்கப்பா இத்தன வருசமா அளந்ததெல்லாம் பொய்யா?"

"பொய் இல்ல மாமா. அது எங்க வீட்டுக் கூரையோட மழை."

அவர் என் பக்கம் திரும்பினார். "பேப்பர்ல மழையப் பத்தி எழுதுன ஆளு நீங்கதானா? நீங்க எழுதுன வருசம் எங்க கண்மாய் பாதிகூட நெறையல. அம்புட்டு மழை எங்குட்டுப் பேஞ்சுச்சுன்னு நாங்க ஊரே தேடிக்கிட்டு இருந்தோம்யா. ஒங்க வீட்லதானா?"

சுற்றி நின்ற பெற்றோர் எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி எல்லாரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தாள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணாந்து பாருங்க மாமா, என்ன தெரியுது?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அவள் குரலில் முந்தின நாள் இருந்த தயக்கம் இல்லை. நான் தெரிந்துகொள்ள விரும்பியது அது ஒன்றைத்தான்.

கூட்டம் கலையும் முன்பே அரைப்படி மேசையிலிருந்து மனைவியின் கைக்குப் போனது. அன்று ராத்திரிச் சோறு நாலு பேருக்கு மிஞ்சியது. ஆறு வருசம் டப்பாவில் அளந்த கை, அரைப்படியை மறந்துவிட்டிருந்தது. நான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆசிரியருக்கு நான்காவதாக ஒரு கடிதம் எழுதி, என் பிழையை ஒப்புக்கொண்டு, ஊழியரிடம் மன்னிப்பும் கேட்டேன். அது அச்சில் வரவில்லை.

ஏழாவது நோட்டு மகளின் எழுத்தில் தொடங்குகிறது. புட்டி கொல்லையில். அளந்தவர் என்று அவள் பெயர், சரிபார்த்தவர் என்று என் கையெழுத்து. ஆனால் மாதத்துக்கு ஒரு முறை, செங்கல்லுக்குப் பக்கத்தில் நான் குந்தி அண்ணாந்து பார்த்து, முருங்கை இன்னும் கிளை நீட்டவில்லை என்று சொன்ன பிறகுதான் நோட்டைக் கொடுப்பாள். அவள் பள்ளியிறுதி முடிக்கும்வரை அப்படித்தான். எத்தனை முறை குந்தினேன் என்பதற்கும், எந்தெந்தத் தேதியில் என்பதற்கும் குறிப்பு இருக்கிறது.